கல்லாவில் இன்னும் எத்தனை நாள்? பெருந்தொற்று மந்தத்தில் சிறுதொழிலின் கைப்பணக் கணக்கு

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு தொழில் மூன்றே வாரத்தில் எப்படிப் படுத்துவிடும்? 2020-இல் உலகம் முழுக்கச் சிறுதொழில் செய்தவர்களைத் திகைக்க வைத்த கேள்வி இது. வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். கணக்கைக் கூட்டிப் பார்த்தால் லாபமும் வந்தது. இருந்தும் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று.

பெரும்பாலும் காரணம் நட்டம் அல்ல, கையில் இருந்த பணம் தீர்ந்ததுதான். நட்டத்தில் ஓடும் தொழில்கூடக் கையில் பணம் உள்ளவரை ஓடும். லாபத்தில் ஓடும் தொழில், சம்பள நாளில் கல்லா காலியாக இருந்தால், அன்றைக்கே நின்றுவிடும். லாபம் வேறு, கைப்பணம் வேறு. புதிதாகத் தொழிலுக்கு வருபவர் முதலில் கற்க வேண்டியது இதைத்தான். பெருந்தொற்று போன்ற காலத்தில் பிழைப்பதற்கான வழிகள் எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்குகின்றன.

இது மற்ற மந்தங்களைப் போன்றதல்ல

வழக்கமான பொருளாதார மந்தத்தில் விற்பனை படிப்படியாக இறங்கும். இந்த மாதம் ஐந்து சதவீதம் குறையும், அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். சரக்குக் கொள்முதலைக் குறைக்கவும், செலவைச் சுருக்கவும் அவகாசம் கிடைக்கும். பெருந்தொற்றில் அந்த அவகாசம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று 2020 மார்ச் 11 அன்று சொன்னது. அதற்கடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் பல நாடுகளில் கடைகளும் பட்டறைகளும் ஒட்டுமொத்தமாக மூடப்பட்டன. விற்பனை ஒரே இரவில் பூஜ்யத்துக்கு வந்தது.

அந்த ஆண்டு உலகப் பொருளாதாரம் சுமார் 3 சதவீதம் சுருங்கியதாக சர்வதேச நாணய நிதியம் கணக்கிட்டது. மூன்று சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அது சராசரி. இணையவழி வணிகம் போன்ற சில துறைகள் வளர்ந்தன. பயணம், விழா, முடிதிருத்தகம், உணவகம் போன்று ஆள் நேரில் வந்தால்தான் வேலை நடக்கும் தொழில்கள் பாதாளத்துக்குப் போயின. சிறுதொழில்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கின்றன.

இன்னொரு வேறுபாடு பலர் கண்ணில் படுவதில்லை. சாதாரணக் காலத்தில் ஒரு கடைக்குக் கஷ்டம் வந்தால் மொத்த வியாபாரி கூடுதலாக ஒரு மாதம் கடன் தருவார், உறவினர் கைமாற்றாகக் கொஞ்சம் கொடுப்பார், பக்கத்துக் கடைக்காரர் ஒரு வாரம் தாங்குவார். பெருந்தொற்றில் அவர்கள் எல்லோருக்கும் அதே நாளில், அதே அடி. மொத்த வியாபாரியே தனக்கு வரவேண்டிய பாக்கியை நெருக்கிக் கேட்பார். எந்தத் தோளில் சாய்ந்து பழகினோமோ அந்தத் தோளும் இல்லாமல் போகிறது. இதனால்தான் சொந்தக் கல்லாவில் என்ன இருக்கிறது என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

கைப்பண நாள்

வரவு அடியோடு நின்றுவிட்டால், கையில் இருக்கும் பணத்தை வைத்து எத்தனை நாள் வழக்கமான செலவைத் தாங்கலாம்? இந்த எண்ணைக் கைப்பண நாள் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஜேபி மார்கன் சேஸ் இன்ஸ்டிட்யூட் 2016-இல் சுமார் 6 லட்சம் சிறுதொழில்களின் வங்கிக் கணக்குகளை ஆராய்ந்தது. வரிசையின் நடுவில் நிற்கும் தொழிலுக்குக் கையிருப்பு 27 நாள். உணவகங்களுக்கு 16 நாள்தான். பணக்கார நாடு ஒன்றில், நல்ல காலத்தில் எடுத்த கணக்கு இது.

2020 மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் அதே நாட்டில் சுமார் 5,800 சிறுநிறுவனங்களிடம் ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். 43 சதவீத நிறுவனங்கள் அப்போதே தற்காலிகமாக மூடிக் கிடந்தன. பொதுமுடக்கம் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. எண்களைச் சேர்த்துப் பார்த்தால் அதிர்ச்சியின் அளவு புரியும்: மூடல் மாதக்கணக்கில் நீண்டது, கையிருப்போ நாள்கணக்கில்தான் இருந்தது.

கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறிய அச்சகம். மாத விற்பனை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தின் அலகு எதுவாகவும் இருக்கலாம். தாளும் மையும் 45. இது வேலைக்கு ஏற்றபடி ஏறி இறங்கும் செலவு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்காத செலவு தனி: சம்பளம் 20, வாடகை 10, கடன் தவணை 8, மின்சாரக் குறைந்தபட்சக் கட்டணம், காப்பீடு, தொலைபேசி எல்லாம் சேர்த்து 5, உரிமையாளர் வீட்டுச் செலவுக்கு எடுப்பது 7. நிற்காத செலவின் மொத்தம் 50. எல்லாம் போக மிச்சம் 5.

நூறு ரூபாய்க்கோ நூறு டாலருக்கோ விற்றால், தாளும் மையும் போக 55 நிற்கிறது. அந்த 55-ஐக் கொண்டுதான் 50-ஐக் கட்டுகிறோம். அப்படியென்றால் விற்பனை 91-க்குக் கீழே இறங்கியவுடன் கைக்காசு கரையத் தொடங்கிவிடும். விற்பனை ஒன்பது சதவீதம் குறைந்தாலே லாபம் முழுவதும் போய்விடுகிறது. விற்பனை 60-க்கு வந்தால் மாதம் 17 குறையும். பூஜ்யமானால் மாதம் 50 போகும்.

கல்லாவிலும் வங்கியிலும் சேர்த்து 40 இருக்கிறது என்றால், முழுக்க மூடிய நிலையில் அது 24 நாளுக்குத்தான் வரும். வரத்துக்கால் அடைபட்ட பிறகு மதகு திறந்தே கிடக்கும் ஏரி போலத்தான் நிலைமை. மழை எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. மதகை எவ்வளவு இறக்கலாம் என்பது நம் கையில் இருக்கிறது.

இந்தக் கணக்கில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, வரவேண்டிய பாக்கியையும் அலமாரியில் உள்ள சரக்கையும் கைப்பணமாக எண்ணுவது. பாக்கி வந்தால்தான் பணம், சரக்கு விற்றால்தான் பணம். மற்றொன்று, வங்கி கொடுத்திருக்கும் மிகைப்பற்று வரம்பையும், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க விடும் தொகையையும், சேர்த்து எண்ணுவது. அதை வங்கி நெருக்கடி நேரத்தில் குறைக்கவும் கூடும். எண்ணலாம், ஆனால் தனி வரியில் எழுதி எண்ணுங்கள்.

மதகை இறக்குவது

அதே அச்சகம் முதல் வாரத்திலேயே இறங்கிப் பேசுகிறது. கட்டட உரிமையாளர் பாதி வாடகையைத் தள்ளிப்போடச் சம்மதிக்கிறார்: 10 இப்போது 5. வங்கி தவணையை நிறுத்திவைக்கிறது: 8 இப்போது 0. வேலை நாட்களைக் குறைத்துக்கொள்ளப் பணியாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்: 20 இப்போது 14. வீட்டுச் செலவு 7 இப்போது 4. மற்றவை 5 அப்படியே. மொத்தம் 28. அதே 40 இப்போது ஏறக்குறைய 43 நாள் வரும். புதிதாக ஒரு காசு வரவில்லை, ஆனாலும் 19 நாள் கூடியிருக்கிறது.

ஆனால் கவனியுங்கள். குறைந்த 22-இல், வாடகையின் 5-ம் தவணையின் 8-ம் சேர்ந்து 13 வெறுமனே தள்ளிப்போடப்பட்டது. மூன்று மாதம் இப்படிப் போனால் 39 பின்னால் காத்து நிற்கும், வட்டி தனி. தள்ளிவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. வாடகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடியாகவே கேளுங்கள். பாதிக்குப் பாதி கிடைத்தாலும் பெரிது. கட்டட உரிமையாளருக்கும் காலியான கட்டடத்துக்குப் புது ஆள் கிடைக்காத காலம் அது என்பதை மறந்துவிடாதீர்கள். பேசி முடித்ததை அன்றே இரண்டு வரி எழுதி அனுப்பி, பதிலையும் வாங்கி வையுங்கள். வாய்வார்த்தையாகப் பேசிய சலுகை ஆறு மாதம் கழித்து ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்று முடிவது மிகச் சாதாரணம்.

தவணை நிறுத்திவைப்பில் வட்டி நிற்பதில்லை. இது நன்றாகப் புரிய வேண்டும். கடன் பாக்கி 200, வட்டி மாதம் 1 சதவீதம், தவணை 8 என்றால், அந்தக் கடன் 29 தவணையில் முடியும். ஆறு மாதம் நிறுத்திவைத்து, அந்த வட்டியும் அசலோடு சேர்ந்தால் பாக்கி 212-ஐத் தாண்டும். தவணைகளின் எண்ணிக்கை 31 ஆகும். இது தாங்கக்கூடியதே. அதே 200 பாக்கி, அதே வட்டி, ஆனால் இன்னும் 180 தவணை மிச்சமுள்ள நீண்ட காலக் கடன் என்றால் தவணைத் தொகை 2.4 வாக்கில் இருக்கும். அதில் 2 வட்டிக்கே போய்விடும். இங்கே ஆறு மாதம் நிறுத்திவைத்தால் தவணைகளின் எண்ணிக்கை 217 ஆகிவிடும். ஆறு மாத ஓய்வுக்கு விலை 37 தவணை. ஆகவே முடியும் தறுவாயில் உள்ள கடனில் சலுகை எடுப்பது மலிவு, புதிதாகத் தொடங்கிய நீண்ட கடனில் எடுப்பது மிகவும் விலை உயர்ந்தது. முழுத் தவணை கட்ட முடியாவிட்டாலும் மாத வட்டியை மட்டுமாவது கட்ட முடிந்தால் இந்தப் பெருக்கம் நின்றுவிடும்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஆறு மாதம் தவணை நிறுத்திவைப்பை அனுமதித்தபோது இந்த வட்டிக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி வசூலிக்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் நீதிமன்றம் சொன்னது. வட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை.

யாருக்கு முதலில் கொடுப்பது

எல்லோருக்கும் கொடுக்கப் பணம் போதாதபோது, அதிகம் சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுப்பது மனித இயல்பு. அது மிகவும் கெட்ட வரிசை. யாருக்குக் கொடுக்காவிட்டால் தொழில் நின்றுவிடுமோ, அவரிலிருந்து தொடங்க வேண்டும்.

பணியாளர் சம்பளம் முதலில். அவர்களிடம் கைப்பண நாள் நம்மைவிடக் குறைவு. பழகிய ஆள் ஒருமுறை போய்விட்டால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அதற்குச் சமமாக இன்னொன்று: பிறர் பணமாக நம்மிடம் தங்கியிருப்பது. வாடிக்கையாளரிடம் வசூலித்த விற்பனை வரி, சம்பளத்தில் பிடித்த வரி, வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் எல்லாம் நம்முடைய பணமே அல்ல. நெருக்கடியில் பலரும் முதலில் கை வைப்பது இதில்தான், ஏனென்றால் யாரும் உடனே கேட்பதில்லை. பல நாடுகளில் இதற்கு அபராதமும் உரிமையாளர்மேல் நேரடிப் பொறுப்பும் உண்டு. தொழில் மூடினாலும் இந்தப் பாக்கி ஆளைத் துரத்தும். இதற்குத் தனி வங்கிக் கணக்கு வைப்பது நல்லது.

பிறகு மின்சாரம், இணையம் போன்றவை. பிறகு, வேறு எங்கும் கிடைக்காத சரக்கைத் தருகிறவர். அவருக்கு முழுதும் கொடுக்க முடியாவிட்டாலும் வாரம் ஒரு சிறு தொகை போய்க்கொண்டே இருக்கட்டும், உறவு அறுந்துபோகாது. வாடகையும் அடமானக் கடனும் பேச்சுவார்த்தைக்கு உரியவை. தவணை தவறிய பிறகு வங்கிக்குப் போனால் நீங்கள் கடன் தவறியவர். தவறுவதற்கு இரண்டு வாரம் முன்பே போனால் திட்டமிடுகிறவர். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இந்த இரண்டும் வேறு வேறு கோப்பு.

தானாகப் பணம் எடுக்கும் உத்தரவுகளை முதல் நாளே சரிபாருங்கள். வங்கிக் கணக்கில் போதிய தொகை இல்லாமல் ஒரு தவணை திரும்பினால் அபராதம் போகும், கடன் மதிப்பெண்ணும் இறங்கும். பிறகு உதவிக் கடன் கேட்கும்போது அதே மதிப்பெண்தான் குறுக்கே நிற்கும்.

பதின்மூன்று வாரத் தாள்

ஒரு தாளில் பதின்மூன்று பத்தி, வாரத்துக்கு ஒன்று. அது ஒரு காலாண்டு; வாடகை, வரி, சம்பளம் எல்லாம் குறைந்தது ஒரு சுற்றாவது வந்துவிடும். மேலே தொடக்க இருப்பு. அதன்கீழ் வரவு: ரொக்க விற்பனை, பழைய பாக்கி வசூல், உதவித்தொகை. அதன்கீழ் செலவு, ஒவ்வொன்றும் தனி வரியில். அடியில் வார முடிவு இருப்பு. அதுவே அடுத்த வாரத்தின் தொடக்க இருப்பு. கணினி வேண்டியதில்லை, கோடு போட்ட நோட்டு போதும்.

பில் போட்ட வாரத்தில் வரவு எழுதாதீர்கள்; பணம் கைக்கு வரும் வாரத்தில் எழுதுங்கள். பழைய பாக்கியை முழுதாக எழுதுவதும் தவறு. தவறாமல் கட்டுகிறவர் என்றால் எண்பது சதவீதம், இழுத்தடிப்பவர் என்றால் பாதி, அவருடைய கடையே மூடிக் கிடக்கிறது என்றால் பூஜ்யம். இந்த விகிதங்கள் சட்டம் அல்ல, உங்கள் அனுபவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் நம்பிக்கையை வரவாக எழுதாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் காப்பீட்டுத் தவணை, உரிமப் புதுப்பிப்பு, காலாண்டு வரி ஆகியவற்றை மறப்பதால்தான் இந்தத் தாள் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. சென்ற ஆண்டின் வங்கி அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை விரலால் தொட்டுப் படித்தால் அவை எல்லாம் அகப்படும்.

இரண்டு வாரச் சம்பளத்துக்கு ஈடான தொகையை அபாயக் கோடாக வையுங்கள். தாளில் எந்த வாரத்தில் இருப்பு அந்தக் கோட்டுக்குக் கீழே போகிறது என்று பாருங்கள். ஒன்பதாவது வாரம் என்று வந்தால் வங்கியோடும் கட்டட உரிமையாளரோடும் பேச எட்டு வாரம் இருக்கிறது. தாள் இல்லாவிட்டால் ஒன்பதாவது வாரத்துத் திங்கட்கிழமைதான் தெரியவரும். ஒவ்வொரு வாரமும் முடிந்த வாரத்தின் உண்மைக் கணக்கை எழுதி, கடைசியில் ஒரு புது வாரத்தைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். மூன்று வாரம் செய்தாலே உங்கள் மதிப்பீடு எந்தப் பக்கம் தவறுகிறது என்று தெரிந்துவிடும்.

பாக்கி வசூலுக்கும் ஒரு முறை உண்டு. முப்பது நாளுக்குள், அறுபதுக்குள், தொண்ணூறுக்குள், அதற்கு மேல் என்று வயது வாரியாகப் பிரியுங்கள். பழையதை விட்டுப் புதியதில் தொடங்குங்கள்; புதிய பாக்கிதான் வசூலாகும் வாய்ப்பு அதிகம். ‘எப்போது தருவீர்கள்’ என்று கேட்டால் ‘பார்க்கலாம்’ என்ற பதில்தான் வரும். ‘இந்த வெள்ளிக்கிழமை எவ்வளவு முடியும்’ என்று கேட்டால் ஒரு எண் வரும். உடனே கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி என்று சொல்லலாம். முப்பது நாள் முன்னால் வரும் பணத்துக்கு 2 சதவீதம் என்பது ஆண்டுக் கணக்கில் சுமார் 25 சதவீத வட்டிக்குச் சமம். சாதாரணக் காலத்தில் இது அதிகம். ஆனால் பாக்கி தர வேண்டியவரே அடுத்த மாதம் கடையை மூடிவிடக்கூடிய காலத்தில் 98 கையில் இருப்பது மேல்.

பாதி திறப்பதா, மூடியே வைப்பதா

கட்டுப்பாடுகள் தளர்ந்து பாதி வியாபாரம் நடக்கலாம் என்ற நிலை வரும்போது இந்தக் குழப்பம் எழும். ‘வாடகைக்குக்கூடத் தேறாது, எதற்குத் திறக்க வேண்டும்’ என்பார்கள். வாடகை, மூடினாலும் உண்டு. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. திறப்பதால் மட்டும் கூடும் செலவு எவ்வளவு, திறப்பதால் கிடைக்கும் மிச்சம் எவ்வளவு என்று மட்டும் பார்க்க வேண்டும்.

அச்சகத்தில் திறந்தால் சம்பளம் 14-இலிருந்து 20 ஆகும், மின்சாரமும் கிருமிநாசினியும் 1 கூடும். கூடுதல் செலவு 7. நூறுக்கு 55 மிச்சம் என்பதால் விற்பனை 13-ஐத் தொட்டாலே இந்த 7 ஈடாகிவிடும். விற்பனை 20 வந்தால் 11 மிஞ்சி, கரைவது மாதம் 4 குறையும். ஆக, பழைய விற்பனையில் ஏழில் ஒரு பங்கு வந்தாலே இந்தத் தொழிலைத் திறப்பது மேல். மிச்ச விகிதம் 15 மட்டுமே உள்ள மளிகை மொத்த வியாபாரம் போன்ற ஒன்றில் அதே 7-ஐ ஈடுகட்ட 47 விற்க வேண்டும். ஒரே தெருவில் ஒருவருக்குச் சரியான முடிவு பக்கத்துக் கடைக்காரருக்குத் தவறாகிவிடுவது இதனால்தான்.

விலைக்குறைப்பை எச்சரிக்கையோடு அணுகுங்கள். நம் அச்சகம் 10 சதவீதம் விலை குறைத்தால், மிச்சம் 55-இலிருந்து 45 ஆகும். பழைய மிச்சத்தை எட்ட 22 சதவீதம் கூடுதலாக வேலை செய்தாக வேண்டும். மக்கள் வராததற்குக் காரணம் பயமும் தடையும் என்றால் விலை குறைத்தும் வரமாட்டார்கள். அவர்கள் பயத்தைக் குறைக்கும் ஏற்பாடுதான் அந்த நேரத்தில் உண்மையான தள்ளுபடி: நேரம் ஒதுக்கி ஒருவர் ஒருவராக வரச் சொல்வது, வாசலிலேயே பொருளைக் கொடுப்பது, தொலைபேசியில் ஆர்டர் எடுப்பது. இணையத் தளங்கள் வழியாக விற்றால் அவர்கள் பிடிக்கும் கமிஷனையும் மிச்சத்திலிருந்துதான் கழிக்க வேண்டும். 25 சதவீதக் கமிஷன் என்றால் 55 வெறும் 30 ஆகிவிடும். விற்பனைத் தொகையைப் பார்த்து மகிழ்ந்து, மிச்சத்தைப் பார்க்காமல் விட்ட தொழில்கள் ஏராளம்.

அரசு உதவி எத்தனை வகை

நாடுகள் கொடுத்த உதவிகள் பெயரில் வேறுபட்டாலும் அவற்றைச் சில வகைக்குள் அடக்கலாம். எது எந்த வகை என்று தெரிந்தால் எதைப் பிடிப்பது என்று தெரியும்.

சம்பள உதவி ஒன்று. ஜெர்மனியின் குர்ஸ்ஆர்பைட் முறையில் வேலை நேரம் குறையும்போது, பணியாளர் இழக்கும் நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, குழந்தை உள்ளவர்களுக்கு 67 சதவீதத்தை, அரசு ஈடுசெய்கிறது. பிரிட்டன், வீட்டில் இருத்தப்பட்டவர்களின் சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுண்டு வரை என்று தொடங்கி, 2021 செப்டம்பர் இறுதிவரை திட்டத்தை நடத்தியது. தொழிலுக்கு மிக நல்லது இந்த வகைதான்: கடன் ஏறாது, பழகிய ஆளும் கைவிட்டுப் போகமாட்டார்.

நிபந்தனையோடு தள்ளுபடியாகும் கடன் இன்னொன்று. அமெரிக்காவில் 2020 ஏப்ரல் 3 அன்று தொடங்கிய சம்பளப் பாதுகாப்புத் திட்டத்தில் முதலில் ஒதுக்கிய 349 பில்லியன் டாலரும் ஏப்ரல் 16-க்குள் தீர்ந்துவிட்டது. கணக்கு வழக்கைத் தயாராக வைத்திருந்தவர்களும், ஏற்கெனவே வங்கியோடு கடன் உறவு உள்ளவர்களும் முந்திக்கொண்டார்கள். வரிசையின் பின்னால் நின்றவர்களில் மிகச் சிறிய தொழில்கள்தான் அதிகம்.

அரசு உத்தரவாதக் கடன் மூன்றாவது. இந்தியா 2020 மே மாதம் அறிவித்த அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம், 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையிலிருந்த கடனில் 20 சதவீதம் வரை புதிய கடனாகக் கொடுக்க வழிசெய்தது. அன்றைய தேதியில் வங்கிக் கடன் எதுவும் இல்லாதவருக்கு இதில் பலன் இருக்கவில்லை. உத்தரவாதம் என்ற சொல்லில் பலர் ஏமாறுகிறார்கள். உத்தரவாதம் வங்கிக்கு, கடன் நமக்கு. நாம் கட்டாவிட்டால் வங்கியின் நட்டத்தை அரசு ஏற்கும், நம் பொறுப்பு போய்விடாது. இந்தக் கடனை இழந்த வருமானத்தை நிரப்ப வாங்கினால் சுமை. மீண்டும் திறக்கும்போது சரக்கு வாங்க வைத்திருந்தால் பிடிமானம்.

எந்த உதவிக்கும் கேட்கும் தாள்கள் ஏறக்குறைய ஒன்றே: தொழில் பதிவு, கடைசி இரண்டு ஆண்டு வரித் தாக்கல், ஆறு முதல் பன்னிரண்டு மாத வங்கி அறிக்கை, சம்பளப் பட்டியல். ரொக்கத்தில் வாங்கி ரொக்கத்தில் கொடுத்து, ஏட்டில் பாதியே எழுதியவருக்கு, ஏட்டில் உள்ள அளவுக்குத்தான் உதவி வரும்.

காப்பீடு இருக்கிறதே என்று நம்பியவர்கள் பலர். தொழில் நின்றதற்கான காப்பீடு பெரும்பாலும் தீ, வெள்ளம் போன்று கட்டடத்துக்குச் சேதம் வந்தால் மட்டுமே தொகை கொடுக்கும். தொற்றுநோயால் மூடினால் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சில பத்திரங்களில் நோய் பற்றிய தனி விதி இருந்தது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 15 அன்று அத்தகைய விதிகளை ஆராய்ந்து, பெருமளவு காப்பீடு எடுத்தவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பத்திரத்தை முழுதாகப் படிக்காமல் கிடைக்காது என்று விட்டுவிடாதீர்கள்.

திறக்கும்போது வரும் ஆபத்து

மூடியிருந்தபோது தாக்குப்பிடித்த தொழில், திறந்த இரண்டாவது மாதத்தில் விழுவதைப் பார்க்கலாம். வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியவே புரியாது. கணக்கைப் போட்டால் புரியும்.

நம் அச்சகம் மீண்டும் முழு அளவில் திறக்கிறது. நிற்காத செலவு பழையபடி மாதம் 50. முதல் மாத விற்பனை 50, இரண்டாம் மாதம் 70. வாடிக்கையாளர்கள் 45 நாள் கழித்துத்தான் பணம் கொடுப்பார்கள். தாள் வியாபாரியோ இப்போது கடன் தருவதில்லை, ரொக்கம் வேண்டும் என்கிறார். முதல் மாதம் தாளுக்கு 22.5, இரண்டாம் மாதம் 31.5. இரண்டு மாதத்தில் வெளியே போவது 154. உள்ளே வருவது, முதல் மாதத்தின் முதல் பாதியில் செய்த வேலைக்கான 25 மட்டும். பள்ளம் 129.

லாப நட்டக் கணக்கில் இதே இரண்டு மாதத்துக்கு நட்டம் 34-தான். மீதி 95 எங்கே போனது? வாடிக்கையாளர்களிடம் பாக்கியாக நிற்கிறது. விற்பனை ஏற ஏற இந்தப் பள்ளம் ஆழமாகும். வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று எல்லோரும் வாழ்த்தும் அதே வாரத்தில் சம்பளத்துக்குப் பணம் இருக்காது.

இதற்கு மருந்து பெரும்பாலும் பணம் வாங்கும் முறையில் இருக்கிறது. ஆர்டரோடு பாதி முன்பணம் என்று மாற்றினால், இரண்டு மாதத்தில் 72.5 உள்ளே வரும். பள்ளம் 129-இலிருந்து 81.5 ஆகக் குறையும். பழைய வாடிக்கையாளரிடம் முன்பணம் கேட்கச் சங்கடமாக இருக்கும்தான். எல்லோருக்கும் ஒரே விதி என்று எழுதி ஒட்டிவிட்டால் அந்தச் சங்கடம் பாதி போய்விடும். பணியாளர்களை ஒரே நாளில் எல்லோரையும் அழைக்காமல், கையில் உள்ள ஆர்டருக்கு ஏற்பச் சேர்ப்பது அடுத்த வழி. தள்ளிவைத்த வாடகையும் தவணையும் திறந்த முதல் மாதத்திலேயே முழுதாக வந்து விழாதபடி, ஆறு அல்லது பன்னிரண்டு மாதமாகப் பிரித்துக் கட்ட முன்கூட்டியே எழுத்தில் பேசி வைப்பது இன்னொன்று. பெரிய ஆர்டர் ஒன்று வந்து, அதற்குத் தாள் வாங்கக் கையில் பணம் இல்லாவிட்டால், அந்த ஆர்டரைப் பகுதி பகுதியாக ஒப்புக்கொள்ளுங்கள்.

மூடுவதென்றால்

எல்லாச் செலவையும் சுருக்கி, கிடைக்கக்கூடிய உதவியைச் சேர்த்து, அடுத்த ஆண்டு நியாயமாக எதிர்பார்க்கும் விற்பனையை வைத்துப் பார்த்தும், வரவும் செலவும் சமமாகும் சமன்புள்ளியை எட்டவில்லை என்றால் மூடுவது தோல்வி அல்ல. கடன் கொடுத்தவர்களுக்குக் கட்டும் அளவு சொத்து இருக்கும்போதே மூடுவதற்கும், வீட்டு நகையும் வீடும் போன பிறகு மூடுவதற்கும் இடையில் ஒரு குடும்பத்தின் பத்து ஆண்டு இருக்கிறது. தொழிலுக்காக வீட்டுச் சேமிப்பைத் தொடுவதற்கு முன் ஒரு எல்லைத் தொகையை வீட்டார் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து எழுதி வையுங்கள். நெருக்கடிக்கு நடுவில் அந்த எல்லையை நிதானமாக யோசிக்க முடியாது.

முடிவெடுத்த அன்றே புதிய முன்பணம் வாங்குவதையும், கடனில் சரக்கு எடுப்பதையும் நிறுத்த வேண்டும். திருப்பித் தர முடியாது என்று தெரிந்தபின் வாங்கும் பணம் பல நாட்டுச் சட்டங்களில் குற்றமாகவே பார்க்கப்படும். கைமுதல் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று ஒரு பட்டியல் போட்டு, சொந்த ஜாமீன் கொடுத்த கடன்களைத் தனியாகக் குறியுங்கள். தொழில் மூடினாலும் அவை உங்கள் பெயரில் தொடரும். பணியாளர் சம்பளத்தையும் நிலுவையையும் தீருங்கள். இயந்திரங்களை அவசரத்தில் பழைய இரும்பு விலைக்குத் தள்ளாமல், அதே தொழிலில் இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். அடமானத்தில் இருப்பதைக் கடன் கொடுத்தவர் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்காதீர்கள். வரிப் பதிவையும் உரிமத்தையும் முறைப்படி ரத்து செய்யுங்கள். ரத்து செய்யாமல் விட்ட பதிவுக்குத் தாக்கல் தவறிய அபராதம் மாதாமாதம் ஏறும். ஒவ்வொரு கடனும் தீர்ந்தவுடன் பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கி, கணக்குப் புத்தகங்களோடு சேர்த்துச் சில ஆண்டுகள் பத்திரமாக வையுங்கள். பின்னொரு நாள் புதுத் தொழில் தொடங்க வங்கிக்குப் போகும்போது அவர்கள் முதலில் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான்.